இடப்பக்கத்து விடைகள்

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தபோது அவளுக்கு ஐம்பத்தொரு வயது. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், இரண்டாம் மாடி வீட்டில் இருந்தோம். பிள்ளைகள் இல்லை. நான் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க். அவள் பெண்கள் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பித்தாள். இருபத்தெட்டு வருடமாக அதே பாடசாலைதான்.

அன்று காலை சேலைக்கு ஊசி குத்திக்கொண்டு நின்றவள், கை விறைக்கிறது என்றாள். நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். கையை மடித்துப் படுத்திருப்பீர், உதறினால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் விழுந்து கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கீழ்வீட்டு முஸ்லிம் நானா சாரத்தோடு ஓடிவந்து, தன்னுடைய வான் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

பன்னிரண்டு நாள் அங்கே இருந்தாள். இடது கையும் காலும் முதலில் அசையவில்லை. பிறகு மெல்ல மெல்ல வந்தன. பேச்சு மட்டும் முதல் நாள் பின்னேரமே தெளிந்துவிட்டது. பார்க்க வந்த சக ஆசிரியைகளோடு கதைத்தாள், பகிடிகூட விட்டாள். மூளைக்கு ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காகப் பதினேழாம் வாய்ப்பாட்டைப் பின்னாலிருந்து முன்னுக்குச் சொன்னாள். வார்டில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். கடவுள் காப்பாற்றிவிட்டார் என்று வந்தவர்கள் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு சின்னச் சின்னச் சச்சரவுகள் தொடங்கின. இப்போது நினைத்தால் அவற்றில் ஒன்றுகூடச் சச்சரவு இல்லை.

தலை இழுத்தால் வலது பக்கம் வாரப்பட்டிருக்கும், இடது பக்கம் படுக்கையிலிருந்து எழும்பியபடி கலைந்து கிடக்கும். பவுடர் முகத்தில் பாதிக்குத்தான் இருக்கும். குசினி வாசல் நிலையில் இடது தோளை இடித்துக்கொள்வாள். ஒவ்வொரு நாளும் அதே இடம். தோளில் நீலம் பாய்ந்திருந்தது. பார்த்து நடவுமன் என்று நான் ஏசுவேன். நோய் வந்ததில் கவனம் குறைந்துவிட்டது, கொஞ்சம் சோம்பலும் வந்துவிட்டது என்று எனக்குள்ளே தீர்மானித்திருந்தேன். ஒருநாளும் மூக்குக் கண்ணாடியைத் துடைக்காமல் போடாத மனுஷி அவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விளமீன் பொரித்தேன். சமையலை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பையில் சோறு, பருப்பு, கத்தரிக்காய், ஓரத்தில் இரண்டு துண்டு மீன். சாப்பிட்டுக்கொண்டு போனவள், பாதியில் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“மீன் வைக்கேல்லையோ?”

கோப்பையின் இடது பக்கத்தில் மீனும் கத்தரிக்காயும் தொடாமல் இருந்தன. நடுவால் கோடு கீறியதுபோல வலது பாதி மட்டும் துடைத்து முடிந்திருந்தது. நான் விரலால் தொட்டுக் காட்டினேன். கண் தெரியவில்லையா என்று கேட்டேன், கொஞ்சம் கடுமையாகவே. அவள் குனிந்து பார்த்தாள். திடுக்கிட்டுப்போனாள். பிறகு முகம் இறுகியது.

“இப்பத்தான் வைச்சனீங்கள். என்னோட விளையாடாதேங்கோ.”

மறுநாள் கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணில் பழுதில்லை என்று சொல்லி, வாசிக்கிற கண்ணாடியை மட்டும் மாற்றிக் கொடுத்தார். அதோடு அந்த விஷயத்தை விட்டுவிட்டேன். இப்பத்தான் வைச்சனீங்கள் என்று அவள் சொன்னதைக் கொஞ்சம் நின்று யோசித்திருந்தால், அடுத்து நடந்தது நடந்திராது. நான் யோசிக்கவில்லை. கம்பெனியில் லீவு எல்லாம் முடிந்து, சமையலும் ஆஸ்பத்திரியும் வேலையுமாக அலுத்துப்போயிருந்தேன்.

மூன்று மாதத்தில் அவள் பாடசாலைக்குத் திரும்பினாள். கை பலம் வந்துவிட்டது, நடை வந்துவிட்டது, போகலாம் என்று கிளினிக்கில் எழுதிக் கொடுத்தார்கள். போன முதல் நாள் பிள்ளைகள் மாலை கட்டிப் போட்டார்களாம். கட்டிலில் இருந்து அதைச் சொல்லும்போது அவள் முகம் கலியாணமான புதிதில் இருந்ததுபோல இருந்தது. தவணைப் பரீட்சை நெருங்கியிருந்தது. தான் இல்லாத நாட்களில் வகுப்புகள் கெட்டுப்போய்விட்டன என்று குறைப்பட்டுக்கொண்டாள். விடைத்தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துத் திருத்தினாள். நான் எதிரில் இருந்து பேப்பர் பார்ப்பேன். பாதிக் கணக்கைச் செய்யாமலே விட்டிருக்கிறார்கள், இப்படி ஒரு வருடமும் கண்டதில்லை என்று சொல்லிச் சொல்லித் திருத்தினாள். சிவப்புப் பேனா வேகமாக ஓடும். அவள் குனிந்திருந்த அந்தத் தாள்களை நான் ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த நாள் அவள் கோபத்தோடு வீட்டுக்கு வந்தாள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை களவு செய்து பிடிபட்டுவிட்டாளாம். தாளை வாங்கிக்கொண்டு போனவள் சற்று நேரத்தில் திரும்பி வந்து, இந்தப் பக்கம் திருத்தவில்லை டீச்சர் என்று விரலால் காட்டியிருக்கிறாள். கணிதத்துக்குப் பிள்ளைகள் தாளின் நடுவால் கோடு போட்டு இரண்டு பத்தியாக எழுதுவது வழக்கம். அந்தப் பிள்ளை காட்டிய இடது பத்தி முழுக்க விடைகள் இருந்தன. ஆனால் திருத்தும்போது அங்கே ஒன்றும் இருக்கவில்லை. அது என் மனைவிக்குச் சத்தியமாகத் தெரியும். தாள் கைக்கு வந்த பிறகு பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதி நிரப்பியிருக்கிறாள் என்று முடிவு கட்டினாள். அந்தப் பிள்ளை இல்லை இல்லை என்று அழுதிருக்கிறாள். செய்ததைவிட மறுத்ததுதான் என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. வகுப்புக்கு முன்னால் நிறுத்தி வைத்து, மன்னிப்புக் கடிதம் எழுதி அப்பாவின் கையெழுத்தோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள்.

“நல்லாச் செய்தீர்,” என்றேன் நான். “இப்பவே திருத்தாட்டி எப்ப திருத்திறது?”

இரண்டு நாளில் கடிதம் வந்தது. நான் அப்புறம்தான் எழுதினேன், இனிமேல் செய்ய மாட்டேன் என்று அந்தப் பிள்ளை எழுதியிருந்தாள். கீழே தகப்பனின் கையெழுத்து. என் மனைவி அதை வாசித்துவிட்டு மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். எழுத்து வடிவானது, பாவம், புத்தியுள்ள பிள்ளைதான் என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை இருக்கும், பாடசாலை அதிபர் எனக்குக் கம்பெனிக்கு டெலிபோன் எடுத்தார். மனைவிக்குச் சொல்லாமல் வரச் சொன்னார். போனேன். அறைக் கதவைச் சாத்திவிட்டு மேசையில் விடைத்தாள்களைப் பரப்பினார். அவை பத்தாம் வகுப்பினுடையவை, இன்னும் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுக்காதவை. எல்லாருக்கும் புள்ளி மிகக் குறைவாக இருக்கிறதே என்று பகுதித் தலைவி எடுத்துப் பார்த்திருக்கிறார்.

ஒரு தாளிலும் இடது பக்கத்தில் சிவப்பு மை இல்லை. சரியும் பிழையும் எல்லாம் வலது பாதியில். கோடு போடாமல் முழு அகலத்துக்கு எழுதிய பிள்ளைகளின் தாள்களிலும், வரியின் கடைசியில் இருந்த விடையை மட்டும் பார்த்துத் திருத்தியிருந்தாள். நாற்பது தாளும் அப்படித்தான். எனக்கு அந்த மீன் துண்டுகள் ஞாபகம் வந்தன.

வீட்டுக்குப் போய் அவளிடம் எதையும் சொல்லவில்லை. சொல்லத் துணிவு வரவில்லை. செக்கப் என்று சொல்லி, மறுநாள் நரம்பு டொக்டர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். தமிழர், வயதானவர், ஆறுதலாகக் கதைப்பவர். அவர் ஒரு வெள்ளைத் தாளை அவளுக்கு முன்னால் வைத்தார். அதில் சின்னச் சின்னக் கோடுகள் தாள் முழுக்கச் சிதறிக் கிடந்தன. எல்லாக் கோட்டையும் பென்சிலால் வெட்டச் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாலர் வகுப்பு வேலை தருகிறார் என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். வலது ஓரத்திலிருந்து தொடங்கி மளமளவென்று வெட்டிக்கொண்டு வந்து, நடுவுக்குச் சற்று இப்பால் நிறுத்திப் பென்சிலை வைத்தாள்.

“எல்லாம் முடிஞ்சுதோ?” என்று டொக்டர் கேட்டார்.

“ஓம், முடிஞ்சுது.”

அவர் தாளை மெதுவாகச் சுற்றித் தலைகீழாக வைத்தார். இடது பக்கத்தில் இருந்ததெல்லாம் இப்போது அவளுடைய வலது பக்கத்துக்கு வந்தது. வெட்டாத கோடுகள் இருபதுக்கு மேல் இருக்கும். அவள் பார்த்தாள். தாளைத் தானே கையில் எடுத்து மறுபடி திருப்பினாள், இன்னொரு முறை திருப்பினாள். டொக்டர் விளக்கத் தொடங்கினார். கண் பழுதில்லை, கண் எல்லாவற்றையும் பார்க்கிறது, பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதி அடிபட்டதால் இடது பக்கத்தைக் கவனிக்காமல் விடுகிறது, அந்தப் பக்கம் ஒன்று இருக்கிறதென்ற எண்ணமே வராது, அதனால் குறை இருப்பதும் அவவுக்குத் தெரியாது என்றார். அவள் அதைக் கேட்டாளோ தெரியாது. தாளை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“அப்ப அந்தப் பிள்ளை?”

நான் அதிபரின் அறையில் பார்த்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை. டொக்டருக்கு நன்றி சொல்லிவிட்டு எழும்பினாள். கதவு நிலையில் இடது தோள் இடித்தது.

வீட்டுக்கு வந்ததும் ஒன்பதாம் வகுப்புத் தாள்களை அதிபரிடம் கேட்டு வாங்கிவரச் சொன்னாள். பிள்ளைகளிடமிருந்து திரும்பச் சேர்த்து எடுத்து அனுப்பினார்கள். ஒவ்வொரு தாளையும் பக்கவாட்டில் திருப்பி வைத்து, இடது பத்தியை நான் விரலால் தொட்டுக் காட்டக் காட்டத் திருத்தினாள். மூன்று பின்னேரம் எடுத்தது. அந்தப் பிள்ளையின் தாள் அதிலே இல்லை. பாடசாலையை விட்டு விலகிவிட்டாள் என்றும் கொட்டாஞ்சேனையில் வீட்டுக்குப் பக்கத்துப் பாடசாலையில் சேர்த்துவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். அவளுடைய தாளை என் மனைவி களவுக்குச் சாட்சியாக அன்றே அலுவலகத்தில் ஒப்படைத்திருந்தாள். அதையும் கேட்டு எடுத்தோம். நூற்றுக்கு எண்பத்தாறு வந்தது. முதலில் போட்டிருந்தது முப்பத்தொன்பது.

காலைக் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் இது தன்னுடைய பிழை என்று சொல்ல வேண்டும் என்று என் மனைவி அதிபரைக் கேட்டாள். பெற்றோர் மத்தியில் வேறு கதைகள் வரும், வகுப்பில் மட்டும் சொன்னால் போதும் என்று அதிபர் மறுத்துவிட்டார். வகுப்பில் சொன்னாள். பிள்ளைகள் ஒன்றும் விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். சொல்ல வேண்டிய பிள்ளை அங்கே இருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனோம். பஸ் மருதானைக்குக் கிட்டப் போனபோது ஆமிக்காரர் நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் அது நாளாந்தம் நடப்பது. வரிசையில் நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். பொலிஸ்காரி ஒருத்தி அவளுக்கு இடது பக்கத்தில் நின்று அடையாள அட்டைக்குக் கை நீட்டினாள். என் மனைவி அவளைத் தாண்டி நேரே நடந்தாள். பொலிஸ்காரி கத்தினாள். என் மனைவி நின்றாள், ஆனால் சத்தம் வந்த பக்கம் திரும்பாமல் வலது பக்கமாகத் தேடினாள். துவக்கோடு இரண்டு பேர் கிட்ட வந்துவிட்டார்கள். நான் ஓடிப்போய் அவளுடைய கைப்பையைத் திறந்து அட்டையைக் கொடுத்து, நோயாளி, அந்தப் பக்கம் விளங்காது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். பொலிஸ்காரி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னாள். பஸ்ஸில் திரும்ப ஏறிய பிறகும் என் மனைவி அட்டையைக் கைப்பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

வீடு துறைமுகத்துப் பக்கமாக இறங்குகிற, தோட்டம் என்று சொல்லும் ஒரு குடியிருப்பில் இருந்தது. நெருக்கமான வரிசை வீடுகள், ஒரே குழாய். தகப்பன் புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடைக்கு வேலைக்குப் போயிருந்தார். தாய் எங்களை அடையாளம் கண்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு கதிரையில் இருந்த உடுப்புகளை அள்ளி எடுத்துவிட்டு உட்காரச் சொன்னார். உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார். அந்தப் பிள்ளை வந்து, என் மனைவியின் இடது பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றாள். மெலிந்த பிள்ளை. தலையைக் குனிந்திருந்தாள்.

என் மனைவி தாயைப் பார்த்து, “பிள்ளை வீட்டில இல்லையோ?” என்று கேட்டாள்.

தாயின் முகம் மாறியது. தன் மகளை வேண்டுமென்றே பார்க்காமல் அவமதிக்கிறாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பிள்ளை ஓரடி பின்னால் போனாள். நான் எழும்பிக் கதிரையோடு என் மனைவியைத் திருப்பினேன். பிள்ளையைக் கண்டதும் அவள் கைப்பைக்குள் தாளைத் தேடத் தொடங்கினாள். நடந்ததை என்னால் முடிந்தவரை தாய்க்கு விளங்கப்படுத்தினேன். இப்போது கண்ணுக்கு முன்னால் நடந்ததும் அதுதான் என்று சொன்னேன். தாய் வாயில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

“அவங்க அப்பா பெல்ட்டால அடிச்சாரு,” என்றார். “பொய் சொல்றியா, படிக்க அனுப்புனா களவு செய்றியான்னு அடிச்சாரு. இவ முடியாம, ஆமா நான்தான் எழுதுனேன்னு சொல்லிட்டா. அப்புறம்தான் விட்டாரு.”

என் மனைவி தாளை எடுத்து நீட்டினாள். எண்பத்தாறு என்று பெரிதாக எழுதிக் கையெழுத்து வைத்திருந்தாள். பிள்ளை அதை வாங்கினாள். புள்ளியைப் பார்க்கவில்லை.

“நான் அப்புறம் எழுதல டீச்சர்.”

“ஓம் பிள்ளை. நீங்கள் எழுதித்தான் தந்தனீங்கள். எனக்குத்தான் தெரியேல்லை.”

தாய் தேத்தண்ணி கொண்டுவந்தார். திரும்பப் பழைய பாடசாலைக்கே அனுப்பலாமே, அதிபரிடம் நான் பேசுகிறேன் என்று என் மனைவி கேட்டபோது, பிள்ளை தலையை ஆட்டி மறுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இப்போது கணக்குப் புத்தகத்தையே தொடுவதில்லை என்று தாய் சொன்னார். குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை. வாசல்வரை வந்து, டீச்சருக்கு இப்படி ஆயிருச்சே என்று என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அதுதான் அவளை உடைத்துவிட்டது. ஒழுங்கை முனை வரும்வரை வாய்விட்டு அழுதாள். கடைக்காரர்கள் பார்த்தார்கள்.

அந்த மாதமே மருத்துவ ஓய்வு எடுத்தாள். கிழமையில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்தார்கள். வாசிக்கும்போது பக்கத்தின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டி, அது தெரியும்வரை தலையைத் திருப்ப வேண்டும். சாப்பிடும்போது கோப்பையைப் பாதியில் சுற்ற வேண்டும். அவள் ஒரு நல்ல மாணவியைப்போலச் செய்தாள். வீட்டுக்குள் நடக்க, சாப்பிட, உடுக்க ஓரளவு பழகியது. ஆனால் யோசித்துச் செய்தால்தான் வரும். களைத்தாலோ மனம் வேறெங்காவது போனாலோ அந்தப் பக்கம் மறுபடி இல்லாமல் போய்விடும்.

ஒரு நாள் நான் வேலைக்குப் போன நேரத்தில் கடலைப் பார்க்கத் தனியாக இறங்கிப் போயிருக்கிறாள். எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் தண்டவாளத்தைக் கடந்துதான் கரைக்குப் போக வேண்டும். கடலைப் பார்த்து நின்றால் தெகிவளையிலிருந்து வருகிற ரயில் இடது பக்கத்தால் வரும். மீன் விற்கிற ஒருவர் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்திருக்கிறார். இழுத்துவிட்டு, சாகப் பார்த்தாயா என்று ஏசியிருக்கிறார். நான் வந்ததும் அவளாகவே சொன்னாள். அதற்குப் பிறகு என்னோடுகூட வெளியில் வர விரும்பவில்லை. யன்னலுக்குப் பக்கத்தில் இருப்பாள். வீட்டுக்கு வந்து படிக்கலாமா என்று கேட்டு வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பச் சொல்வாள்.

ஒரு பின்னேரம், மழைக்காலம், அவளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் திடீரென்று சொன்னாள்.

“எனக்கு ஒண்டும் குறையில்லை எண்டு நினைச்சுக்கொண்டு பள்ளிக்கூடம் போன அந்தக் கொஞ்ச நாளும்தான் நான் சந்தோஷமா இருந்தனான். அந்த நாளிலதான் அந்தப் பிள்ளைக்கு அப்பிடிச் செய்தன்.”

எனக்கும் அதில் பங்கிருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். மீனைக் கண்ட அன்றே யோசித்திருக்க வேண்டும், நல்லாச் செய்தீர் என்று சொன்னதும் நான்தான். சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்குமோ என்னவோ. நான் அடுத்த விரலை எடுத்தேன். பிறகு எத்தனையோ நாள் அதைச் சொல்ல வேளை பார்த்தேன், ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டேன்.

ஐந்து வருடத்துக்குப் பிறகு பக்கவாதம் இரண்டாம் தடவை வந்தது. இந்த முறை பேச்சும் போய்விட்டது. நான் கதிரை போட்டுப் பக்கத்தில் இருந்தேன். சொல்ல இருந்ததை அப்போது சொன்னேன், கேட்கிறதோ இல்லையோ என்று. கண் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் பின்னேரம், தாதி என்னைப் போய் ஏதாவது குடித்துவிட்டு வரச் சொன்னார். ஆஸ்பத்திரிக் கன்டீனில் வரிசை நீளமாக இருந்தது. தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு மாடிப்படி ஏறி வந்தபோது அவளுடைய கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.